சட்டாம்பிள்ளையும் முதலாண்டு மாணவரும்

இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் 2008-ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்தில் தொடங்கப்பெற்றுப் பின்னர் விதுராவில், பொன்முடி மலைச்சாரலில் நிலைகொண்டது. இங்கு வந்து சேரும் தமிழ் மாணவர் பலர் தத்தம் பள்ளியில் முதலிடம் பெற்றவர்கள். அவருள் சிலர் முதற் பருவத்திலேயே திகைத்துப் போகின்றனர். இஃது அறிவுக் குறையால் வருவதன்று. வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கிறது. வெளியே எங்கும் மலையாளம் ஒலிக்கிறது. எழுந்த ஐயத்தை எம்மொழியில், யாரிடம் கேட்பது என்ற தயக்கம் நாவைக் கட்டிவிடுகிறது. கேளாத ஐயம் ஒன்று பத்தாகிறது. இத்தயக்கத்தைப் போக்கும் பணி, பேராசிரியரைக் காட்டிலும் மூத்த மாணவராகிய நமக்கே எளிதில் கைகூடும் என்பது என் கருத்து. அதனை எம்முறையில் செய்வது என்பதை இங்கு ஆராய்வோம்.

பழைய மரபு

மாணவரே மாணவர்க்குக் கற்பிப்பது நமக்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளிகளில் ஆசிரியர்க்குத் துணையாய் நின்ற மூத்த மாணவனைச் சட்டாம்பிள்ளை என்றனர். திருவனந்தபுரத்திற்கும் அப்பெயர் அயலன்று. கேரளத்தின் சீர்திருத்தப் பெரியார் சட்டம்பி சுவாமிகள் (1853–1924), பேட்டை இராமன் பிள்ளை ஆசானிடம் பயின்ற நாளில் மாணவர் தலைவராய் இருந்தமையாலேயே அப்பெயர் பெற்றார்.

இம்மரபு கடல் கடந்தும் சென்றது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் 1789-இல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் பள்ளியொன்றின் பொறுப்பை ஏற்றார். நம் நாட்டுப் பள்ளியொன்றில் சிறுவர்கள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, தம் பள்ளியிலும் அதனைப் புகுத்த விரும்பினார். அங்கிருந்த ஆசிரியர்கள் இணங்கவில்லை. ஆதலின் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனையே கற்பிக்குமாறு அமர்த்தினார், முயற்சி வென்றது. 1797-இல் இலண்டனில் அவர் இதனை நூலாக வெளியிட, ‘சென்னை முறை’ என்ற பெயரோடு அது பிற நாடுகளிலும் பரவியது.

எனினும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் அதன் செல்வாக்குத் தேய்ந்தது. சட்டாம்பிள்ளை சொல்ல, மற்றவர் ஒப்புவிக்கும் மனப்பாடமாக அது சுருங்கியதே முதன்மையான குறை. சொல்பவன் வயதில் இளையவனாய் இருந்தால் மட்டும் போதாது. கேட்பவன் சிந்திக்கவும் வேண்டுமன்றோ?

நன்னூலார் கணக்கு

இதற்கு விடை பவணந்தி முனிவரின் நன்னூலிலேயே உள்ளது. ஆசிரியர் உரைத்ததை முற்றும் கொண்டாலும் மாணவனுக்குக் கிட்டுவது கால் பங்கு புலமையே. உடன் பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு கால். பிறர்க்கு எடுத்துரைத்தலால் எஞ்சிய அரைப் பங்கு. எனவே ஒருவனை எடுத்துரைக்கச் செய்வதே அவனுக்குச் செய்யும் பேருதவி.

அண்மைக் கால அனுபவமும் இதனையே காட்டுகிறது. அமெரிக்காவில் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தின் கணித அறிஞர் யூரி டிரைஸ்மன், நுண்கணிதத்தில் தோல்வியுற்ற கறுப்பின மாணவர்களை 1970-களில் ஆராய்ந்தார். அவர்கள் சோம்பியிருக்கவில்லை, தனித்தனியே அமர்ந்து படித்தனர். நன்கு தேறிய சீன வழி மாணவர்களோ, குழுவாய்க் கூடி ஒருவர் விடையை ஒருவர் திருத்தினர். பின்னர் அவர் குழுப் பயிலரங்கு அமைத்து, எளிய கணக்குகளுக்கு மாறாகக் கடினமான கணக்குகளையே தந்தார், தேர்ச்சி உயர்ந்தது. மிசூரிப் பல்கலைக்கழகத்தின் கான்சஸ் நகரப் பிரிவில் 1973-இல் தோன்றிய திட்டம் மற்றொன்று. அது ‘பின்தங்கிய மாணவர்’ என்று எவரையும் பிரிப்பதில்லை. ‘கடினமான பாடம்’ எது என்பதையே குறிக்கிறது. அப்பாடத்தை முன்பு நன்கு கற்ற மாணவர் வாரந்தோறும் குழுவை நடத்துகிறார். வர விரும்புவோர் யாவரும் வரலாம். பின்தங்கியோர் வருக என்று அழைத்தால், யார்க்கு உதவி தேவையோ அவரே நாணி ஒதுங்குவர் என்பதை நாம் அறிவோம்.

செய்முறை

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். மேலே எறிந்த பந்து உச்சியில் இருக்கும்போது அதன் திசைவேகம் சுழி; முடுக்கம் எவ்வளவு? ‘அதுவும் சுழி’ என்று முதலாண்டு மாணவர் சொல்லக்கூடும். ‘தவறு, வினாடிக்கு வினாடி 9.8 மீட்டர்’ என்று நாம் சொல்லிவிட்டால் அவர் ஒரு விடையைப் பெறுகிறார், அவ்வளவே. மாறாக, ‘திசைவேகமும் இல்லை, முடுக்கமும் இல்லை எனில் அடுத்த கணம் பந்து எங்கே இருக்கும்?’ என்று கேட்டுப் பாருங்கள். அந்தரத்திலேயே நிற்க வேண்டுமே என்று சற்று எண்ணிவிட்டு, அவரே சிரித்துக்கொண்டு தம்மைத் திருத்திக்கொள்வார்.

இவ்வகையில் நாம் கைக்கொள்ளத்தக்கவை நான்கு. முதலாவது, நம் பழைய குறிப்பேட்டைக் கொடுத்து அனுப்பிவிடுதல் உதவியாகாது. அவரைப் பேசவைத்தலே உதவி. இரண்டாவது, ஐயத்தைத் தமிழில் தீர்த்தபின் அதையே ஆங்கிலத்தில் ஒருமுறை சொல்லச் செய்தல் வேண்டும். தேர்வுத்தாள் ஆங்கிலத்தில் அன்றோ வருகிறது? மூன்றாவது, மலையாள நண்பர்க்கும் நம் குழு திறந்திருத்தல் வேண்டும். நான்காவது, உறக்கமின்மையோ மனச்சோர்வோ கண்டால் நாமே மருத்துவராகாமல் ஆலோசகரிடம் உடன் அழைத்துச் செல்லுதல் வேண்டும்.

மூத்தவர் என்னும் உரிமை துன்புறுத்தவும் பயன்பட்டதுண்டு. 1996-இல் ஒரு மாணவர் உயிர் இழந்த கொடுமைக்குப் பின்னரே, 1997-இல் தமிழ்நாட்டில் பகடிவதைத் தடைச் சட்டம் வந்தது. அதே உரிமையைக் கைதூக்கிவிடவும் பயன்படுத்தலாம்.

நமக்கோ ஆய்வகப் பணி மிகுதி, நேரம் ஏது என்று நண்பர்கள் வினவலாம். நன்னூலார் கணக்கின்படி எடுத்துரைப்பவனுக்கே அரைப் பங்கு ஊதியம் என்பதை நினைவிற் கொள்க. வரும் பருவம் முதல் நம் மன்றத்து மூத்தோர் ஒவ்வொருவரும் இரண்டு முதலாண்டு மாணவரோடு, அவர்க்குக் கடினமான ஒரு பாடத்திற்காக, வாரம் ஒரு மணி நேரம் அமர்வோமாக. விருப்பமுடையோர் அடுத்த மன்றக் கூட்டத்திலேயே தம் பெயரையும் தாம் எடுத்துரைக்கவல்ல பாடத்தையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.