வீடு கட்டுவோரும் கட்டித் தருவோரும்
(திருப்பெரும்புதூர் – ஒரகடம் வட்டாரத்தை முன்வைத்து ஒரு பொருளியல் நோக்கு)

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்பது நம் முன்னோர் வாக்கு. இரண்டிலும் செலவு மிகுதி என்பதே இதன் பொருள் எனப் பலரும் கொள்வர். முன்பின் அறியாத ஒருவரை நம்பி வாழ்நாள் சேமிப்பை ஒப்படைக்கும் அச்சமும் அதில் அடங்கியிருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. கல்யாணத்துக்காவது ஊரும் உறவும் கூடி விசாரிக்கும். வீடு கட்டித் தருபவரை விசாரிப்பார் யார்? வகுப்பில் நாம் பயிலும் சில பொருளியல் கருத்துகளைத் துணைகொண்டு இக்கேள்வியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் வட்டாரம்

இராமானுசர் பிறந்த ஊர் என்றே நெடுங்காலம் அறியப்பட்ட திருப்பெரும்புதூர், 1990களின் பிற்பாதியில் வேறொரு முகம் கொண்டது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிஸ்ஸான் ஆலையும், 2013இல் ராயல் என்ஃபீல்டு ஆலையும் வந்தன. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த வயல்கள் கல் நட்ட மனைகளாயின. அம்மனைகளை வாங்கியவருள் கணிசமானோர் ஆலைத் தொழிலாளரும், ஆலையைச் சார்ந்து கடையும் வண்டியும் நடத்துவோரும் ஆவர். நோக்கியா ஆலை 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்னரே ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வுத் தொகையுடன் வெளியேறியிருந்தனர். வேலை போனாலும் வீட்டுக்கடன் தவணை நிற்பதில்லை. ஆகவே இங்கு ஒரு வீடு பாதியில் நின்றால், நிற்பது சுவர் மட்டுமன்று.

ஒரு விந்தையையும் குறிப்பிட வேண்டும். ஆலையில் ஒரு திருகாணி தளர்ந்திருந்தால்கூட அந்த வண்டியை வெளியே விடாத தொழிலாளி, தன் வீட்டுக் கூரைக்குக் காங்கிரீட் போடும் நேரத்தில் ஷிப்டில் இருக்கிறார். பிறர் வாங்கும் காரின் தரத்தைக் காப்பவருக்குத் தம் வீட்டின் தரத்தைக் காண நேரமில்லை!

அமர்த்தும் முறைகள்

வழக்கில் மூன்று முறைகள் உள்ளன. முதலாவது நாள்கூலி. கொத்தனார், பெரியாள், சித்தாள் ஆகியோருக்கு அன்றாடம் கூலி தந்து, பொருளையும் நாமே வாங்குவது. உடனிருந்து பார்க்க ஆளில்லாத வீட்டுக்கு இது ஒத்து வராது. இரண்டாவது லேபர் காண்டிராக்ட்: பொருள் நம்முடையது, வேலை மேஸ்திரியுடையது, கூலி சதுரக் கணக்கில், அதாவது நூறு சதுர அடிக்கு இவ்வளவு எனப் பேசப்படும். மூன்றாவது பொருளும் வேலையும் சேர்த்துச் சதுர அடிக்கு இவ்வளவு என்னும் முழு காண்டிராக்ட். தனி வீடு ஒன்றைக் கட்டுவதற்கான கூலி மட்டுமேயான ஒப்பந்தத்துக்குச் சரக்கு–சேவை வரி விலக்கு உண்டு. பொருளும் சேர்ந்த ஒப்பந்தத்துக்கு வரி 18 விழுக்காடு. இரு விலைகளை ஒப்பிடும்போது, வரி உள்ளடங்கியதா என்று கேட்காவிடில் ஒப்பீடே பொருளற்றதாகிவிடும்.

குறைந்த விலை என்னும் பொறி

1970இல் ஜார்ஜ் அக்கர்லாஃப் என்னும் அமெரிக்கப் பொருளியலறிஞர் பழைய கார் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 2001இல் நோபல் பரிசு பெற்ற மூவருள் அவரும் ஒருவர். அவர் கருத்தைச் சுருங்கக் கூறின்: பொருளின் தரம் விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. எனவே வாங்குபவன் நடுத்தர விலைக்கு மேல் தர அஞ்சுகிறான். நல்ல பொருள் வைத்திருப்பவன் அவ்விலைக்குக் கட்டுப்படியாகாமல் சந்தையை விட்டு விலகுகிறான். எஞ்சுவது மட்டமான பொருளே.

நம் உழவர் மாடு வாங்குமுன் பல்லைப் பிடித்துப் பார்த்தனர். வீட்டுக்குப் பல் ஏது? நாம் ஒப்பந்தம் பேசும்போது வீடே இல்லை. கட்டி முடித்த பின்னரோ கம்பி காங்கிரீட்டுக்குள்ளும், செங்கல் பூச்சுக்குள்ளும், குழாய் சுவருக்குள்ளும் மறைந்துவிடுகின்றன. கண்ணுக்குத் தெரிவது டைல்ஸும் பெயிண்டுமே. ஆகையால் பலரும், தமக்குப் புரியும் ஒரே எண்ணாகிய சதுர அடி விலையைக் கொண்டு ஆளைத் தேர்கின்றனர். நேர்மையான மேஸ்திரி கணக்கிட்டு உண்மை விலையைச் சொல்கிறார். வேலை இன்னொருவருக்குப் போகிறது.

இதனோடு தொடர்புடைய மற்றொன்று, எண்ணெய் வயல் ஏலங்களை ஆராய்ந்த பொறியாளர் மூவர் 1971இல் எடுத்துக்காட்டிய உண்மை. பலர் கேட்கும் ஏலத்தில் வெல்பவர், பெரும்பாலும் மதிப்பீட்டில் மிகுதியாகத் தவறியவரே என்பது அது. வீட்டு ஒப்பந்தத்துக்கும் இது பொருந்தும். ஐவரிடம் விலை கேட்டு, நால்வர் ஏறக்குறைய ஒரே தொகையைச் சொல்ல, ஐந்தாமவர் மட்டும் மிகக் குறைத்துச் சொன்னால், அவர் வல்லவர் என்பதைவிட எதையோ கணக்கில் விட்டுவிட்டார் என்பதற்கே வாய்ப்பு அதிகம். விட்டதை அவர் பின்னர் "எக்ஸ்ட்ரா வேலை" என்னும் பெயரால் கேட்பார். அல்லது கம்பியில் குறைப்பார்.

விசாரிக்கும் வகை

நமக்கு அருகிலேயே ஒரு பழைய முன்மாதிரி உள்ளது. உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், ஊர் வாரியங்களுக்குக் குடவோலை முறையில் ஆள் தேரும் விதிகளைக் கூறுகின்றன. சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருப்பது தகுதிகளுள் ஒன்று. முன்பு பொறுப்பு வகித்துக் கணக்குக் காட்டாதவர் நிற்கவே இயலாது; அவருடைய நெருங்கிய உறவினருக்கும் அத்தடை உண்டு. அதாவது, பேச்சைக் கேட்டன்று, பழைய கணக்கைப் பார்த்து ஆளைத் தேர்ந்தனர்.

ஒப்பந்தக்காரர் விருப்பத்துடன் காட்டுவது சென்ற மாதம் முடித்த வீட்டை. நாம் காண வேண்டியதோ ஐந்து மழைக்காலம் கண்ட வீட்டை. அங்குக் கூரையின் அடிப்புறமும், குளியலறைச் சுவரின் மறுபக்கமும் பேசும். வீட்டு அம்மாவிடம் கேட்டால் இன்னும் தெளிவாகத் தெரியும். எந்த மழையில் எந்த மூலை ஒழுகியது என்பதை அவரைப்போல் அறிந்தவர் இலர். சிமெண்ட், கம்பிக் கடைக்காரரிடம் ஒப்பந்தக்காரரின் பாக்கியைப் பற்றி விசாரிப்பதும் நன்று. கடையில் பழைய பாக்கி நிற்குமாயின், நாம் தரும் முன்பணம் வேறொருவர் வீட்டுக் கடனை அடைக்கப் போகிறது என்று கொள்ளலாம்.

மண்ணைப் பற்றி அவர் கேட்கிறாரா என்பதும் ஓர் அளவுகோல். இவ்வட்டாரத்தில் ஏரிகளை ஒட்டிய மனைகள் பலவும் களிமண் பாங்கானவை. மழையில் உப்பிக் கோடையில் சுருங்கும் மண்ணில், சாதாரணக் கடைக்கால் போட்ட சுவர் வெடிக்கும். அத்தகைய மண்ணுக்கென்றே அடியில் குமிழ் வைத்த பைல் அஸ்திவாரம் உள்ளது. அதற்குச் செலவு வேறு. மனையைக் காணாமலே தொலைபேசியில் சதுர அடி விலை சொல்பவர் எதை வைத்துச் சொல்கிறார்? 2014 ஜூன் 28 அன்று, அப்போது காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த மௌலிவாக்கத்தில், கட்டப்பட்டுக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டனர். அதே வளாகத்து இன்னொரு கட்டடம் 2016 நவம்பர் 2 அன்று வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. அது பெருங்கட்டடம், நம்முடையது சிறு வீடு என்று தள்ளிவிட இயலாது. மண்ணுக்கு அந்த வேறுபாடு தெரியாது.

ஒப்பந்தத்தின் உயிர்நாடி

1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி வாய்மொழி உடன்பாடும் செல்லும். ஆனால் நிரூபிக்க முடியாத உடன்பாட்டால் பயன் என்ன? எழுத்தில் இருக்க வேண்டியவை பல: போர்டிகோ, சன்ஷேடு, படிக்கட்டு ஆகியவை சதுர அடிக் கணக்கில் சேருமா, சம்ப்பும் செப்டிக் டேங்கும் யார் செலவு, எந்தத் தரக் கம்பி, எந்த வகை மணல் என்பன போல. இவற்றை ஓரளவு எல்லோரும் எழுதிவிடுகின்றனர். பெரும்பாலோர் எண்ணிப் பாராது கையெழுத்திடுவது பணம் தரும் வரிசையைத்தான்.

கணக்கின் எளிமைக்காக ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். மொத்த ஒப்பந்தம் 20 லட்ச ரூபாய். கையெழுத்தின்போது 4 லட்சம், பேஸ்மட்டம் முடிந்ததும் 5 லட்சம், கூரை போட்டதும் 7 லட்சம். ஆக 16 லட்சம் கை மாறிவிட்டது. ஆனால் பூச்சு, தளம், கதவு, மின்சாரம், குழாய், பெயிண்ட் எல்லாம் மீதம் இருக்கையில், முடிந்த வேலையின் மதிப்பு 11 லட்சமே என்று வைத்துக்கொள்வோம். இப்போது ஒப்பந்தக்காரருக்கு வரவேண்டியது 4 லட்சம். அவர் செய்ய வேண்டியதோ 9 லட்ச ரூபாய் வேலை. அவர் கெட்டவராக இருக்க வேண்டிய தேவையே இல்லை. சாதாரண மனிதராக இருந்தாலே போதும், அடுத்த மனையின் முன்பணத்தை நோக்கி அவர் கால்கள் நடக்கும். கூரையோடு நிற்கும் வீடுகள் பலவற்றின் வரலாறு இதுதான். ஆகவே, முன்பணம் சிறிதாகவும், தவணைகள் பலவாகவும், ஒவ்வொன்றும் அந்தக் கட்ட வேலை முடிந்த பின்னரே தரப்படுவதாகவும் இருத்தல் வேண்டும். எந்நாளிலும் முடிந்த வேலையின் மதிப்பைவிடக் கொடுத்த பணம் மிகக் கூடாது. விலையில் ஐம்பது ரூபாய் குறைப்பதற்கு ஒரு மாதம் பேரம் பேசுவோர், இதற்கு ஒரு மாலைப் பொழுதைச் செலவிட்டால் அதிக நன்மை பெறுவர் என்பது என் துணிபு.

ஒப்பந்தக்காரர் பக்க நியாயமும் உண்டு. சனிக்கிழமை தோறும் அவர் கூலி பட்டுவாடா செய்தாக வேண்டும். வங்கி தன் பொறியாளரை அனுப்பிப் பார்த்துக் கடன் தவணையை விடுவிக்கும்வரை கூலியாள் காத்திருப்பாரா? ஆகையால் வங்கியின் கட்டங்களையும் ஒப்பந்தத்தின் கட்டங்களையும் முன்னரே பொருத்திக்கொள்வது இருவருக்கும் நலம்.

அரசு பார்க்குமா?

பார்க்கும் என்று பலர் நம்புகின்றனர். 2024 ஜூலை 22 அன்று தமிழக அரசு தொடங்கிய சுயசான்றிதழ்த் திட்டத்தில், 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடி வரையான வீட்டுக்கு இணையவழியே உடனடியாக அனுமதி கிடைக்கிறது. அலைச்சல் தீர்ந்தது உண்மை. ஆனால் அந்த அனுமதி வரைபடத்துக்கு உரியது. கம்பியின் தடிமனுக்கு அன்று. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் விற்பனைக்காகக் கட்டுவோரைக் கட்டுப்படுத்துவது; சொந்த மனையில் மேஸ்திரியை வைத்துக் கட்டுவோருக்கு அது துணை வராது. எஞ்சியது நுகர்வோர் ஆணையம். வீடு கட்டித் தருவதும் சேவையே என்று உச்ச நீதிமன்றம் 1993இல் தீர்ப்பளித்தது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, புகார் தருபவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே, இரண்டு ஆண்டுகளுக்குள், வழக்கறிஞர் இன்றியும் முறையிடலாம். அங்குக் கேட்கப்படும் முதல் பொருள் எழுத்திலான ஒப்பந்தமும் பணம் கொடுத்ததற்கான சான்றும்.

விடுப்பு எடுக்க வேண்டிய நாட்கள்

தினமும் நிற்க இயலாதவர் மறையும் வேலைகளின் நாட்களில் மட்டுமாவது விடுப்பு எடுக்கலாம். கம்பி வந்திறங்கும் நாள் ஒன்று. கம்பியின் விட்டத்தை மில்லி மீட்டரில் பெருக்கி, அதாவது விட்டம் x விட்டம், 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 மி.மீ. கம்பிக்கு 0.889 கிலோ, 12 மீட்டர் நீளக் கம்பி ஒன்று சுமார் 10.7 கிலோ. பத்துக் கம்பிகளை நிறுத்தால் உண்மை தெரிந்துவிடும். அடுத்தது கூரைக் காங்கிரீட்டுக்கு முந்தைய மாலை: கம்பிக்கு அடியில் கவர் பிளாக் இருக்கிறதா, அல்லது கம்பி பலகையில் படுத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காங்கிரீட் நாளில் இளக்கத்துக்காக அளவின்றித் தண்ணீர் ஊற்றுவதைத் தடுக்க வேண்டும். ஐ.எஸ். 456 என்னும் இந்தியத் தர நூலின் 2000ஆம் ஆண்டுப் பதிப்பு, சாதாரண போர்ட்லண்டு சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாட்களும், கலப்புச் சிமெண்டுக்கு 10 நாட்களும், வெயில் மிக்க வறண்ட காலத்தில் இன்னும் கூடுதலாகவும் நீராற்ற வேண்டும் என்கிறது. இன்று கடைகளில் பெரிதும் கிடைப்பது கலப்புச் சிமெண்டே. நீராற்றும் பொறுப்பு யாருடையது என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம்; எழுதாவிடில் அது வீட்டுப் பாட்டியின் தலையில் விழும்.

கடைசித் தவணையில் நூற்றுக்கு ஐந்து பங்கையாவது ஒரு வடகிழக்குப் பருவமழை கழியும்வரை நிறுத்தி வைப்பது நன்று. எல்லா ஒப்பந்தக்காரரும் முதலில் மறுப்பர். பேசினால் பலர் தொகையைக் குறைத்து ஒப்புக்கொள்வர். பங்குனியில் குடிபுகுந்தவருக்கு ஐப்பசி வரை கூரையைப் பற்றி ஒன்றும் தெரியாது.