நெட்டிப் பந்துகள் உணர்த்தும் நுண்மை

ஸ்ரீபெரும்புதூருக்கு அணித்தே அமைந்த ஊர் பிள்ளைப்பாக்கம். ஏரியும் வயலும் சூழ்ந்த அவ்வூரில் இன்று சிப்காட் தொழிற்பூங்கா விளங்குகின்றது. அங்கிருந்து ஒரகடம் வரை பரந்த வட்டாரத்தில் மின்னணுப் பொருள்கள் செய்யும் ஆலைகள் பல உள்ளன. இத்தகைய ஆலைகளில் பணிபுரிவோர் மணிக்கட்டில் ஒரு பட்டை அணிவர். அதனின்று செல்லும் கம்பி நிலத்தோடு இணைக்கப்பட்டிருக்கும். அஃது அழகுக்கு அணியும் காப்பு அன்று. செய்பொருளைக் காக்கும் காப்பு.

நடக்கும்போதும் ஆடை உராயும்போதும் நம் உடலில் மின்னூட்டம் சேர்கின்றது. ஏறத்தாழ 3000 வோல்ட்டை எட்டினாலன்றி நாம் அதனை உணர்வதில்லை. மிக நுண்ணிய மின்னணு உறுப்புகள் சிலவோ 100 வோல்ட்டுக்குக் கீழேயே பழுதுபடும். தொழிலாளி அறியாமலே அவர் கைபட்ட பொருள் கெட்டுவிடுகின்றது. அந்த மின்னூட்டத்தைப் பட்டை நிலத்திற்குச் செலுத்திவிடும்.

கண்ணுக்குப் புலனாகாத மின்னூட்டத்தை அளத்தல் கூடுமோ? இரண்டு நெட்டிப் பந்துகளும் இரண்டு பட்டு நூல்களும் இருந்தால் கூடும். நெட்டி என்பது நீர்நிலைகளில் வளரும் செடி. அதன் தண்டு மிக இலேசானது. தஞ்சையில் கோபுர உருவங்கள் செய்யப் பயன்படுவது. ஒரே அளவான இரு பந்துகளுக்கு மெல்லிய உலோகப் பூச்சிட்டு, ஒரே புள்ளியிலிருந்து தொங்கவிடுக. அவை ஒன்றையொன்று தொட்டு நிற்கும். பட்டுத் துணியில் தேய்த்த கண்ணாடிக் கோலால் அவற்றைத் தொடுக. மின்னூட்டம் இரண்டிற்கும் சமமாகப் பகிரப்படும். உடனே அவை விலகி நிற்கும்.

இக்கணக்கில் மாணவர் பலர் இரு பந்துகளையும் ஒருசேர நோக்கி இடர்ப்படுவர். ஒரு பந்தை மட்டும் நோக்குதலே நேரிய வழி. அதன்மேல் செயற்படும் விசைகள் மூன்று. எடை கீழ்நோக்கி இழுக்கும். தள்ளுவிசை பக்கவாட்டில் தள்ளும். நூலின் இழுவிசை நூல்வழியே மேல்நோக்கி இழுக்கும். பந்து அசையாது நிற்றலின் இம்மூன்றும் தம்முள் சமன்பட்டுள்ளன.

நூலின் நீளம் 5 சென்டிமீட்டர் என்றும், பந்துகளின் இடைவெளி 6 சென்டிமீட்டர் என்றும் கொள்வோம். இடைவெளியில் பாதி 3. ஆகவே தொங்கும் புள்ளிக்கும் பந்தின் மட்டத்திற்கும் உள்ள உயரம் 4. தள்ளுவிசைக்கும் எடைக்கும் உள்ள விகிதமும் 3க்கு 4 ஆகும். பந்தின் நிறை 12 மில்லிகிராம் எனின், புவியீர்ப்பு முடுக்கத்தை 10 எனக் கொள்ள, எடை 0.00012 நியூட்டன், எனவே தள்ளுவிசை 0.00009 நியூட்டன்.

இனித் துணை செய்வது, பிரெஞ்சுப் பொறியாளர் கூலூம் 1785இல் வெளியிட்ட விதி. மின்னூட்டங்களின் பெருக்கற்பலனை இடைவெளியின் வர்க்கத்தால் வகுத்து, 900 கோடியால் பெருக்கினால் காற்றில் விசை கிடைக்கும். இங்கு இடைவெளி 0.06 மீட்டர். ஆதலின் விசையை 0.0036ஆல் பெருக்கி, 900 கோடியால் வகுத்து, வர்க்கமூலம் காண்க. ஒரு கூலூமை நூறு கோடிப் பங்காக்கினால் அவற்றுள் 6 பங்கே ஒவ்வொரு பந்திலும் உள்ள மின்னூட்டம்.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. ஒரு பந்தில் மின்னூட்டம் மிகுந்தும் மற்றதில் குறைந்தும் இருப்பின், மிகுந்தது கூடுதலாக விலகுமோ? விலகாது. ஒன்றையொன்று தள்ளும் விசைகள் என்றும் சமமே. எடையும் நூலின் நீளமும் ஒத்திருக்கும்வரை இரண்டும் ஒரே கோணத்தில் நிற்கும். அப்போது பெருக்கற்பலனை அறியலாமேயன்றித் தனித்தனி மின்னூட்டத்தை அறிய இயலாது.

இச்சோதனையை மழை நாளில் செய்தால் ஈரத்தின் வழியே மின்னூட்டம் கசிந்துவிடும். பந்துகள் மெல்ல மெல்ல நெருங்கும். வறண்ட நாளே ஏற்றது.

பந்தில் நாம் கண்ட மின்னூட்டம் மிகச் சிறிதெனத் தோன்றலாம். மனித உடலின் மின்தேக்குத்திறனை 100 பிக்கோஃபாரடு எனக் கொண்டால், அதே மின்னூட்டம் உடலை 60 வோல்ட்டுக்கு உயர்த்தும். உடல் உணராத அச்சிற்றளவே ஒரு நுண்கருவியைக் கெடுக்கப் போதுமானது. மணிக்கட்டுப் பட்டை காப்பது எதனின்று என்பதை நூலில் தொங்கும் நெட்டிப் பந்து நமக்கு அளந்து காட்டுகின்றது.