கோலியாட்டம் கற்பிக்கும் நீதி

மக்கள் கூடி வாழுமிடத்தில் பிணக்குத் தோன்றுதல் இயல்பு. அது பகையாக வளராமல் தீர்த்துக்கொள்ளுதலே அறிவுடைமை. இவ்வறிவை மனிதன் எங்கே பெறுகின்றான்? அறிவுரைகளிலா? நூல்களிலா? இவற்றால் மட்டுமன்று, விளையாடும் பருவத்தில் தன்னையொத்த தோழரிடமிருந்தும் பெறுகின்றான் எனக் காட்டினார் சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் ழான் பியாஜே.

பியாஜே 1896 ஆம் ஆண்டில் நெஷாத்தெல் நகரில் பிறந்தவர். இளமையில் நத்தைகளை ஆராய்ந்த அவர், பின்னர்க் குழந்தைகளின் உள்ளத்தை ஆராயத் தலைப்பட்டார். ஜெனீவாவிலும் நெஷாத்தெலிலும் கோலியாடும் சிறுவர்களை அணுகி, ஆட்டத்தின் விதிகளைத் தமக்குக் கற்பிக்குமாறு வேண்டினார். அவர்களோடு தாமும் ஆடினார். கண்டறிந்தவற்றை 1932 ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார்.

அவ்வாட்டம் எளியது. தரையில் ஒரு கட்டம் வரைந்து, அதனுள் கோலிகளை வைப்பர். தொலைவிலிருந்து எறிந்து, கட்டத்திற்கு வெளியே தள்ளிய கோலிகளை வென்றதாகக் கொள்வர். ஆயினும், கோடு எங்கே? முதலில் எறிபவன் யார்? கை நழுவினால் மீண்டும் எறியலாமா? இவை ஒவ்வொன்றும் பூசலுக்கு இடமாகும்.

மிக இளைய குழந்தைகள் ஒருங்கே அமர்ந்திருந்தும் தத்தம் போக்கில் ஆடினர். எல்லாரும் ஒருங்கே வென்றதாகவும் மகிழ்ந்தனர். ஏழு, எட்டு வயதினர் பொதுவிதியை நாடினர். பதினொன்று, பன்னிரண்டு வயதினரோ விதிகள் அனைத்தையும் நுணுக்கமாக அறிந்திருந்தனர்.

விதியை மாற்றலாமா என்றும் பியாஜே வினவினார். விதிகள் பெரியோர் வகுத்தவை, மாற்றலாகா என்றனர் சிறியோர். எல்லாரும் உடன்பட்டால் மாற்றலாம் என்றனர் மூத்த சிறுவர். இம்மாற்றத்திற்குக் காரணம் என்ன?

பெரியவர் ஒருவர் தீர்ப்புக் கூறினால் குழந்தை அச்சத்தாலோ மதிப்பாலோ பணிகின்றது. ஆனால், தன்னையொத்தவனை வெறும் ஆணையால் பணிய வைத்தல் இயலாது. அவனுக்குக் காரணம் காட்டல் வேண்டும். அவன் கூறுவதையும் கேட்டல் வேண்டும். ஏமாற்றுபவனோடு மறுநாள் ஆட எவரும் வாரார். சினந்து ஆட்டத்தைக் கலைத்தால் வென்றவனும் இல்லை; தோற்றவனும் இல்லை. ஆட்டம் தொடர வேண்டும் என்னும் ஆவலே விட்டுக்கொடுக்கும் பண்பைத் தோற்றுவிக்கின்றது. பிறர் நிலையில் தன்னை வைத்துப் பார்க்கவும் குழந்தை அப்போது பழகுகின்றது.

பியாஜே கூறிய சிலவற்றைப் பின்வந்த அறிஞர் திருத்தியுள்ளனர். பிறரைத் துன்புறுத்துதல் வேறு, வெறும் வழக்கத்தை மீறுதல் வேறு என்பதை மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளும் ஓரளவு பிரித்தறிகின்றனர் என்பது அவர்கள் கண்ட உண்மை. எனினும், ஒத்தோர் உறவே நீதியுணர்வை வளர்க்கும் என்னும் பியாஜேயின் கருத்து இன்றும் போற்றப்படுகின்றது.

ஆதலின், குழந்தைகளின் சிறு பூசல் ஒவ்வொன்றிலும் பெரியோர் விரைந்து புகுதல் நன்றன்று. வலியவன் எளியவனைத் துன்புறுத்தும்போது தடுத்தல் அவர் கடமை. ஏனைய வேளைகளில் சற்றே பொறுத்திருத்தல் நலம்.

மாணவர்களே! தம்பி தங்கையர் பூசலிட்டு உங்களிடம் ஓடிவந்தால், உடனே தீர்ப்புக் கூறாதீர்கள். ஒருவர் பேசும்போது மற்றவரைக் கேட்கச் செய்யுங்கள். வழியை அவர்களே காணட்டும். நாளை நாட்டின் வழக்குகளைத் தீர்க்க வேண்டியவர்கள் இன்று கோலிகளைப் பங்கிட்டுப் பழகுகின்றனர்.