ஒரு நாளைக்கு ஓர் ஆட்டம்

முன்பெல்லாம் அலுவலகம் விட்டு வீடு திரும்பும் பேருந்தில், கைபேசியில் மூன்று நிமிட செஸ் ஆட்டம் ஐந்தாறு ஆடுவேன். இறங்கும்போது எதுவும் நினைவில் நிற்காது. தலை மட்டும் கனக்கும். இப்போது நாளைக்கு ஒரே ஆட்டம்தான். தோற்றாலும் மனசு நிறைகிறது. நான் கடைப்பிடிப்பவை இவை.

நேரத்தைத் தாராளமாக வையுங்கள்

லிச்செஸ், செஸ்.காம் ஆகிய இரண்டு செஸ் தளங்களிலும் ‘15+10’ ஆட்டம் உண்டு. ஆளுக்கு 15 நிமிடம். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 10 விநாடி கூடும். ஆளுக்கு 40 நகர்த்தல் போனாலும் முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். சாப்பிட்டு முடித்து, வாட்ஸ்அப் அறிவிப்புகளை அணைத்துவிட்டு உட்காருங்கள்.

தொடக்கத்தை மனப்பாடம் செய்யாதீர்கள்

நடுக்கட்டங்களில் சிப்பாய், வெளியே குதிரையும் பிஷப்பும், பிறகு காஸ்லிங். அமெச்சூருக்கு இது போதும். எதிராளி இரண்டாவது நகர்த்தலிலேயே ராணியோடு வந்தால் பதறாதீர்கள். தாக்கப்பட்ட சிப்பாயைக் குதிரையால் காத்து, ராணியை விரட்டியபடியே உங்கள் காய்களை வெளியே எடுங்கள். அவர் ராணி அலையும், உங்கள் படை வளரும்.

காயைத் தொடும் முன் இரண்டு கேள்விகள்

‘அவர் இதை எதற்காக வைத்தார்?’ ‘நான் இதை வைத்தால் அவர் என்ன செக் வைக்கலாம், எதை வெட்டலாம்?’ இவற்றுக்குச் செலவிடும் பத்து விநாடிதான் ஆட்டத்தின் உயிர்.

2024 டிசம்பரில் சிங்கப்பூரில் முடிந்த உலக சாம்பியன் போட்டியின் கடைசி ஆட்டத்தை எடுத்துப் பாருங்கள். டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த நிலையில், 55வது நகர்த்தலில் அப்போதைய உலக சாம்பியன் டிங் லிரென் யானையை மாற்றிக்கொள்ள முன்வந்தார். யானைகள் போனதும் பிஷப்புகளும் மாறியே தீரும் என்பதை எதிரே ஆடிய குகேஷ் கண்டுகொண்டார். மிஞ்சியது ராஜாக்களும் சிப்பாய்களும். குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல். அதுவே 18 வயதில் அவரை உலக சாம்பியனாக்கியது. உலக சாம்பியனுக்கே கண் தவறுமென்றால், நாம் ஒவ்வொரு முறையும் சரிபார்ப்பதில் வெட்கமே இல்லை.

ரேட்டிங்கைத் துரத்தாதீர்கள்

தளம் உங்களுக்குச் சமமானவரையே எதிரில் உட்கார்த்துகிறது. அதனால் ஏறக்குறைய பாதி ஆட்டங்களில் தோற்பது இயல்பு. தோற்ற சூட்டில் அடுத்த ஆட்டத்தைத் தொடங்காதீர்கள். கோபத்தில் வைக்கும் காய் கண்ணை மூடிக்கொண்டு வைப்பது போலத்தான்.

முடிந்ததும் பத்து நிமிடம்

ஆட்டத்தை அலசும் எஞ்சினை உடனே திறக்க வேண்டாம். எங்கே தடுமாறினீர்கள், அப்போது என்ன நினைத்தீர்கள் என்று நீங்களே முதலில் தேடுங்கள். பிறகு எஞ்சினிடம் கேளுங்கள். லிச்செஸில் அலசல் இலவசம். ஓர் ஆட்டத்துக்கு ஒரு பாடம் போதும். அப்படித் தேடியபோதுதான் என் பெரிய தவறு பிடிபட்டது: காய் அதிகமாகி, ஜெயித்துவிட்டோம் என்று தோன்றிய அடுத்த நிமிடமே அவசரப்படுகிறேன். இப்போது அந்த இடம் வந்தால் கையைத் திரையிலிருந்து எடுத்துவிடுகிறேன்.

இன்றிரவு ஓர் ஆட்டம் ஆடுங்கள். எந்த நகர்த்தலுக்கு அதிகம் யோசித்தீர்கள், ஏன் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். சொல்ல வந்துவிட்டால், முடிவு எதுவானாலும் நீங்கள் ஆடியது நல்ல ஆட்டம்.