அயலவர் தலைவராகலாமா?

ஒரு குலத்தில் பிறவாத ஒருவர் அக்குலத்திற்குத் தலைவராக முடியுமா? ஜேம்ஸ் கேமரூன் இயக்கி, 2009ஆம் ஆண்டு வெளிவந்த ‘அவதார்’ என்னும் திரைப்படம் இவ்வினாவை எழுப்புகிறது.

கதையில் வரும் தொலைதூர நிலவு பண்டோரா. அங்கு வாழும் நீலநிற நாவி மக்களுள் ஒரு குலத்தார் ஓமட்டிகாயர். கனிமம் அகழ வந்த மனிதர்களுடன் ஜேக் என்னும் முன்னாள் படைவீரனும் வந்தான். ஆய்வகத்தில் உருவாக்கப்பட்ட நாவி உடலைத் தன் மனத்தால் இயக்கி, அவன் அக்குலத்தாரிடம் சென்றான். தலைவரின் மகள் நெய்திரி அவனுக்கு மொழியையும் வேட்டையையும் காட்டின் நெறிகளையும் கற்பித்தாள். தேர்வுகளில் வென்ற அவனைக் குலத்தார் தம்முள் ஒருவனாக ஏற்றனர்.

ஆயினும், அவன் அவர்களைப் பற்றிய செய்திகளைத் தொடக்கத்தில் படையினருக்குத் தந்திருந்தான். அவ்வுண்மை வெளிப்பட்டதும் நெய்திரியே அவனை வெறுத்து ஒதுக்கினாள். குலத்தாரின் வாழிடமான பெருமரத்தைப் படையினர் வீழ்த்தினர், தலைவரும் மாண்டார். கற்ற மொழியால் இழந்த நம்பிக்கையை மீட்க இயலவில்லை.

பின்னர் ஜேக், தோருக் என்னும் கொடிய பறக்கும் விலங்கை வசப்படுத்தி வந்தான். மக்கள் வியந்தனர். அப்போதும் அவன் தலைமையைக் கேட்கவில்லை. புதிய தலைவன் சூட்டேயிடம் பேசுவதற்கு இசைவு வேண்டினான். அவன் துணையின்றித் தன்னால் இயலாது என்றான். பிறகு, தன் இனத்தாரையே எதிர்த்துப் போரிட்டான். சூட்டே வீழ்ந்தபின் தலைமை ஜேக்கிடம் வந்தது.

ஒரு குலத்தைக் காக்க அயலவன்தான் வரவேண்டுமா என்று இக்கதையைக் குறைகூறுவோரும் உண்டு. அவ்வினாவும் எண்ணிப் பார்க்கத்தக்கதே.

2022இல் வந்த இரண்டாம் படத்தில், தன்னைத் தேடும் பகைவரால் குலத்திற்குக் கேடு வரும் என்று ஜேக் உணர்கிறான். தலைமையை வேறொருவனிடம் ஒப்படைத்துவிட்டுக் குடும்பத்துடன் வெளியேறுகிறான். கடலோரக் குலத்தில் அடைக்கலம் புகுந்து, அவர்தம் வாழ்க்கைமுறையை மாணவனாக மீண்டும் கற்கிறான்.

வலிமை ஒருவரை வியக்க வைக்கும், நம்பிக்கையே தலைவராக்கும். அந்நம்பிக்கைக்காகத் தலைமையையும் துறப்பவர் எக்குலத்திற்கும் அயலவர் அல்லர்.

அருஞ்சொற்பொருள்
அகழ்தல் – தோண்டுதல்
இசைவு – ஒப்புதல்
அடைக்கலம் – பாதுகாப்பான புகலிடம்

வினாக்கள்
1. நெய்திரி ஜேக்கை வெறுத்தது ஏன்?
2. ஜேக் சூட்டேயிடம் இசைவு வேண்டியது எதனைக் காட்டுகிறது?
3. புதிய ஊருக்குக் குடிவந்த மாணவர் ஒருவர் வகுப்புத் தலைவராகலாமா? காரணத்துடன் ஐந்து தொடர்களில் எழுதுக.