தீவிர உடற்பயிற்சியும் தசைச் சிதைவும்

கிரேட் நிக்கோபார் தீவின் கேம்பல் பே, நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 7 பாகையில் அமைந்த, வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த ஊராகும். 2012-இல் ஐ.என்.எஸ். பாஸ் கடற்படைத் தளம் தொடங்கப்பெற்ற இங்கு, உடலுறுதி பலருக்குக் கடமையாகும்.

பளு தூக்குதல், குதித்தல், ஓட்டம் ஆகியவற்றை இடைவிடாது செய்யும் பயிற்சியில் தோள், கீழ்முதுகு, முழங்கால் ஆகியவையே பெரும்பாலும் ஊறுபடுகின்றன. களைப்பு மிகும்போது முறை தவறுவது இதற்கு ஒரு காரணமாகும்.

இதனினும் கொடியது தசைச் சிதைவு. சிதைந்த தசையினின்று கசியும் மயோகுளோபின் என்னும் புரதம் சிறுநீரகத்தைப் பழுதாக்கும். கடும் தசைவலி, வீக்கம், கருந்தேநீர் நிறச் சிறுநீர் ஆகியன அறிகுறிகள். அந்நிலையில் மருத்துவரை உடனே நாட வேண்டும். பெரிய மருத்துவமனையுள்ள ஸ்ரீ விஜயபுரமோ (முன்னைய போர்ட் பிளேர்) கடல் கடந்து உள்ளது.

எனவே, புதிதாக வருவோர் முதல் இரு வாரங்கள் பயிற்சியைப் படிப்படியாகவே உயர்த்துதல் நலம். வருமுன் காப்பதே சிக்கனமும் ஆகும்.