சீருடையும் சட்டமும்

அடுக்ககம், மருத்துவமனை, வங்கி, வணிக வளாகம் எனப் பெருநகரின் எவ்விடத்திற்குச் சென்றாலும், வாயிலில் சீருடை அணிந்த பாதுகாவலர் ஒருவரைக் காணலாம். அவரைக் காவல்துறையைச் சேர்ந்தவர் என்றே சிறுவர் பலர் எண்ணுவர். பெரியவர்களும் அவ்வாறு எண்ணுவதுண்டு. ஆனால் அவருக்குக் காவல்துறையின் அதிகாரம் இல்லை. இராணுவத்தினர் அல்லது காவல்துறையினரின் சீருடையை அவர் அணிந்தால், 2005ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி ஓராண்டு வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம்.

இவ்வேறுபாட்டை நுணுகிக் கற்பிப்பவை குற்றவியல் நீதி, பாதுகாப்பு மேலாண்மை ஆகிய படிப்புகள். சென்னைப் பல்கலைக்கழகத்திலும் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் குற்றவியல் துறைகள் உள்ளன. குஜராத்தின் காந்திநகரில் உள்ள இராஷ்டிரிய ரக்ஷா பல்கலைக்கழகம், 2020இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியே தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று. குற்றம் நிகழ்வதற்கான காரணங்கள், தடயங்களைப் பாதுகாத்தல், தீத்தடுப்பு, கூட்டத்தை நெறிப்படுத்துதல் முதலியன இத்துறையின் பாடங்கள். 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்திற்கு மாற்றாக 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தமையால், மாணவர்கள் புதிய சட்டங்களையே பயில வேண்டியுள்ளது.

இத்தகைய வகுப்பில் ஆராயத்தக்க ஒரு சிக்கலைக் காண்போம். அடுக்ககத்தின் ஒரு வீட்டில் தங்க வளையல் காணாமற்போகிறது. அவ்வீட்டில் வேலை செய்யும் பெண் மாலையில் வெளியேறும்போது குடியிருப்போர் வாயிலில் கூடிவிடுகின்றனர். "இவளை அறையில் அடைத்துப் பையைச் சோதனையிடு" என்று பாதுகாவலரை வற்புறுத்துகின்றனர். அவர் என்ன செய்ய வேண்டும்?

பிணையில் விட இயலாததும், பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்கதுமான குற்றம் ஒருவர் கண்ணெதிரே நிகழ்ந்தால், குற்றம் செய்தவரைப் பொதுமக்களில் எவரும் பிடிக்கலாம். வீண் காலதாழ்த்தமின்றி, ஆறு மணி நேரத்திற்குள் காவல்துறையிடம் ஒப்படைக்கவும் வேண்டும். பாதுகாவலருக்கு உள்ள உரிமையும் இவ்வளவே. இங்கு வளையலை எடுத்ததை எவரும் கண்டிலர். இருப்பது ஐயம் மட்டுமே. ஐயத்தின் பேரில் அப்பெண்ணை அறையில் அடைத்தால், அதுவே குற்றமாகிவிடும். வளையல் பின்னர் அலமாரியின் அடியிலேயே கிடைக்கக்கூடும். ஆயினும் அவள் பட்ட அவமானத்தை யார் துடைப்பார்? ஆகவே பாதுகாவலர் 112 என்னும் எண்ணுக்கு அழைக்கலாம். நேரத்தையும் செய்தியையும் பதிவேட்டில் எழுதலாம். கண்காணிப்புக் கேமராவின் பதிவு அழியாமல் காக்கலாம். கூடி நிற்போரிடம் "எனக்கு அந்த அதிகாரம் இல்லை" என்று பணிவாகவும் உறுதியாகவும் கூறுவதே இவற்றுள் கடினமானது. தமக்குச் சம்பளம் தருவோரை மறுத்துப் பேசுதல் எளிதன்று.

பாதுகாவலர்க்கு 100 மணி நேர வகுப்புப் பயிற்சியும் 60 மணி நேரக் களப்பயிற்சியும் வேண்டும் என 2006ஆம் ஆண்டின் மாதிரி விதிகள் வகுத்தன. அப்பயிற்சி ஏட்டளவில் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது, மேலாண்மை பயின்றோரின் கடமை. பாதுகாவலர் பலர் வேலை தேடி வேறு மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். அவர்கள் அறிந்த மொழியில் சட்டத்தை விளக்கத் தெரியாத மேலாளர், பட்டம் பெற்றிருந்தும் பயனில்லை.

சிந்தித்து எழுதுக

1. தனியார் பாதுகாவலர் ஒருவரை எப்போது பிடிக்கலாம்?

2. பாடத்தில் வரும் பாதுகாவலர் குடியிருப்போரிடம் பேசுவதை ஐந்து தொடர்களில் உரையாடலாக எழுதுக.

3. உங்கள் குடியிருப்பின் பாதுகாவலர் எந்த ஊரைச் சேர்ந்தவர், எந்த மொழி பேசுபவர் என்பதைக் கேட்டறிந்து எழுதுக.